கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பிய மனிதர்

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை மாணவன்)



பில் கேட்ஸைத் தெரியாதவர் நம் கல்லூரியில் யாரும் இருக்க முடியாது. ஸ்டீவ் ஜாப்ஸையும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேரி கில்டால் என்று ஒருவர் இருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம லேபில் இருக்கும் பழைய பெட்டிகளில் சுவிட்சைப் போட்டதும் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிறதே, ‘டெலிட்’ கீயை அழுத்தினால் நீல நிறத்தில் ஒரு பட்டியல் வருகிறதே, அந்த பயாஸுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் அவர்தான். அவர் 1994ஆம் ஆண்டு, 52ஆம் வயதில் மறைந்துவிட்டார். கம்ப்யூட்டர் பெருமக்கள் வரிசையில் அவருடைய படத்தை மாட்டி வைப்பவர்கள் குறைவு.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிளம்ப மறுத்தால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்ற கேள்விக்கு இந்த மனிதருடைய வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கப்பல்காரர் வீட்டுப் பிள்ளை

கில்டால் 1942 மே 19 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். அது ஒரு துறைமுக நகரம். அவருடைய குடும்பம் கப்பலோட்டும் கலையைக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தது. தாத்தா தொடங்கிய பள்ளி. அப்பாவும் அதில் ஆசிரியர். நடுக்கடலில் கப்பல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைச் சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்து, கோணத்தை அளந்து, முக்கோணக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் வித்தை அங்கே பாடம். கில்டாலும் சில காலம் அங்கே பாடம் நடத்தினார்.

பள்ளிக்கூடத்தில் அவர் முதல் மாணவர் அல்லர். புத்தகத்தை விடக் கார்களைப் பிரித்து மாட்டுவதில்தான் அவருக்கு நாட்டம் அதிகம். இதைப் படித்தபோது எனக்கு ஒரு தனி சந்தோஷம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை! நம்மில் பலரும் அந்த ரகம்தானே.

கணக்கு வாத்தியார் ஆகலாம் என்ற எண்ணத்தோடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்தார். பாதை மாறிவிட்டது. 1963இல் டோரதி மெக்எவனை மணந்தார். அது வியட்நாம் போர்க்காலம். கடற்படையில் சேர்ந்து, கலிபோர்னியா மாநிலம் மான்டெரே என்ற ஊரிலிருந்த கடற்படை முதுநிலைப் பள்ளியில் ஆசிரியர் ஆனார். 1972இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அலமாரியில் கிடந்த டிரைவ்

1971இல் இன்டெல் நிறுவனம் 4004 என்ற சிப்பை வெளியிட்டது. கை விரல் நகம் அளவில் ஒரு கம்ப்யூட்டர்! அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்றால் ஒரு பெரிய ஹால் முழுக்க நிற்கும் இயந்திரம். இந்தச் சின்ன சிப்பை வைத்து அப்பாவின் பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்கைப் போட முடியுமா என்பதுதான் கில்டால் முதலில் முயன்று பார்த்த வேலை. அதற்காக எழுதிய புரோகிராம்களே அவரை இன்டெல் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. வாரத்தில் ஒரு நாள் அங்கே போய் ஆலோசகராக வேலை பார்த்தார். 1973இல் அந்த சிப்களுக்காக பி.எல்./எம். என்ற மொழியை உருவாக்கிக் கொடுத்தார்.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. புரோகிராமை சேமித்து வைக்க அன்று சாதாரண ஆளுக்குக் கிடைத்தது ஓட்டை போட்ட காகித நாடா. அதை டெலிடைப் மெஷின் வினாடிக்கு 10 எழுத்து வேகத்தில் படிக்கும். ஒரு தவறைத் திருத்தி மறுபடியும் ஏற்றுவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

அப்போது 8 அங்குல ஃபிளாப்பி டிரைவ் புதிதாக வந்திருந்தது. கில்டால் ஷுகார்ட் கம்பெனியில் சோதனைக்காக ஓட்டித் தேய்ந்துபோன டிரைவ் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். டிரைவ் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கன்ட்ரோலர் போர்டு கிடையாது. மோட்டார் சுற்றும், தலை நகராது. அவரால் அந்த எலக்ட்ரானிக்ஸைச் செய்ய முடியவில்லை. மாதக்கணக்கில் அந்த டிரைவ் சும்மா கிடந்தது. கடைசியில் பல்கலைக்கழக நண்பரான ஜான் டொரோடியைக் கூப்பிட்டார். டொரோடி போர்டு செய்தார், கில்டால் மென்பொருள் எழுதினார். 1974இல் அந்த டிரைவ் உயிர் பெற்றது. டிஸ்கிலிருந்து புரோகிராம் வந்து இறங்கி, திரையில் அடுத்த கட்டளைக்காகக் காத்து நின்றது. சி.பி./எம். என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் பிறந்தது இப்படித்தான்.

இன்டெல்லிடம் அதைக் காட்டினார். அவர்கள் பி.எல்./எம்.மை எடுத்துக்கொண்டார்கள், சி.பி./எம்.மை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்! 1976இல் கணவனும் மனைவியும் சேர்ந்து பசிபிக் குரோவ் என்ற சிற்றூரில் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார்கள். அதுவே பின்னாளில் டிஜிட்டல் ரிசர்ச் என்று பெயர் பெற்றது.

பயாஸ் பிறந்த கதை

நண்பர்களே, இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

அந்த நாளில் ஆளாளுக்கு ஒரு கம்ப்யூட்டர் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் டிஸ்க் கன்ட்ரோலர் வேறு, திரை வேறு, கீபோர்டு வேறு. புது மெஷின் வரும்போதெல்லாம் சி.பி./எம்.மை உள்ளே புகுந்து திருத்தி எழுத வேண்டியிருந்தது. இம்சாய் என்ற நிறுவனம் தன் கம்ப்யூட்டருக்கும் அது வேண்டும் என்று கேட்டு வந்தபோது கில்டால் ஒரு முடிவுக்கு வந்தார். அந்தந்த மெஷினுக்கு மட்டும் உரிய சமாச்சாரங்களை எல்லாம் பிரித்தெடுத்து ஒரு சின்னத் துண்டுக்குள் அடைத்தார். மற்றதெல்லாம் எல்லா மெஷினுக்கும் பொது. அந்தச் சின்னத் துண்டுக்குத்தான் பயாஸ் என்று பெயர். புது மெஷினா? பயாஸை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.

இதை நம்ம ஊர்ப் பாணியில் சொல்கிறேன். கல்வராயன் மலையில் ஒரு ஊருக்குப் போகும் பாதை மாதிரி இன்னொரு ஊருக்கு இருக்காது. எங்கே ஓடை குறுக்கே வரும், எந்த ஏற்றத்தில் வண்டி வழுக்கும் என்பதெல்லாம் அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் வெள்ளிமலைப் பக்கத்துக்காரன். அவன் ஊருக்குப் போனபோது நான் பாதையைப் பற்றிக் கவலையே படவில்லை. எங்கே போகணும் என்று மட்டும் சொன்னேன், அவன் கூட்டிப்போனான். வேறொரு மலை ஊருக்குப் போக வேண்டுமானால் அந்த ஊர்க்காரர் ஒருவர் துணைக்கு வந்தால் போதும். நான் மாற வேண்டியதில்லை. அந்த வழித்துணைதான் பயாஸ்!

இதனால் விளைந்தது என்ன? 1980களின் தொடக்கத்தில் சுமார் 3000 விதமான கம்ப்யூட்டர்களில் சி.பி./எம். ஓடியது. ஒருவர் எழுதிய புரோகிராம் இன்னொரு கம்பெனி மெஷினிலும் ஓடும் என்ற நிலை வந்தது. மென்பொருளைத் தனியாக எழுதி விற்றுப் பிழைக்கலாம் என்ற தொழிலுக்கே அது ஒரு அஸ்திவாரம் என்றால் மிகையாகாது.

நம்ம ஹார்ட் டிஸ்க் ஏன் ‘சி’யில் ஆரம்பிக்கிறது என்று யோசித்ததுண்டா? ‘ஏ’யும் ‘பி’யும் ஃபிளாப்பிகளுக்கு. டிரைவை எழுத்தால் அழைக்கும் அந்த வழக்கம் சி.பி./எம்.மிலிருந்து டாஸுக்கு வந்து, டாஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தது. ஃபைல் பெயர் 8 எழுத்து, புள்ளி, அப்புறம் 3 எழுத்து என்ற பழைய கட்டுப்பாடும் அந்த வழியாக வந்ததே.

எங்கள் வீட்டுப் பெட்டி

இந்தப் பிரிவினை எனக்கு எப்படிக் கை கொடுத்தது என்று சொல்கிறேன். எங்கள் வீடு கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. கரும்புப் பணம் வந்த ஒரு வருஷம் அப்பா ஒரு பழைய டூயல் கோர் பெட்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தார். அக்கா அதில்தான் டைப்பிங் வேலை எடுத்துச் செய்கிறாள். மனு, பத்திரிகை, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் எல்லாம் அதற்குள்தான்.

ஒரு மழைக்காலத்தில் நாலைந்து நாள் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. அதற்குப் பிறகு பெட்டி கிளம்பவில்லை. ஒரு கடையில் காட்டியபோது போர்டு போய்விட்டது, 4500 ரூபாய் ஆகும், ஹார்ட் டிஸ்கையும் அழித்துவிட்டுத்தான் புதுசா ஏற்றணும் என்றார்கள். அக்காவுக்கு முகமே வாடிவிட்டது. பணத்தை விட உள்ளே இருந்த ஃபைல்கள்தான் அவள் கவலை. பெட்டியை வீட்டுக்கே எடுத்து வரச் சொல்லிவிட்டேன்.

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. ஒரே ஒரு பீப் சத்தம். கருப்புத் திரையில் எழுத்து வந்தது. ஃபிளாப்பி டிரைவ் பழுது, தொடர எஃப்-1 அழுத்தவும் என்றது. அந்தப் பெட்டியில் ஃபிளாப்பி டிரைவே கிடையாது! எஃப்-1 அழுத்தினேன். விண்டோஸ் படம் வந்த வேகத்தில் நீலத் திரை ஒன்று மின்னி மறைந்தது, பெட்டி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் தேதி பல வருஷம் பின்னால் இருந்தது.

இப்போது கில்டால் பிரித்த மாதிரி பிரித்துப் பாருங்கள். ஒரே பீப் என்றால் பிராசஸர், ராம், டிஸ்பிளே மூன்றும் பரீட்சையில் தேறிவிட்டன என்று அர்த்தம். அப்படியானால் போர்டு போகவில்லை. விண்டோஸ் படம் வந்தது என்றால் ஹார்ட் டிஸ்கும் உயிரோடு இருக்கிறது. தேதி மறந்துபோனது, இல்லாத ஃபிளாப்பியைத் தேடியது என்றால் பயாஸின் செட்டிங் எல்லாம் அழிந்து, தொழிற்சாலையில் வைத்த பழைய நிலைக்குப் போய்விட்டது. அந்த செட்டிங்கைக் காப்பாற்றுவது போர்டில் இருக்கும் காசு மாதிரியான செல். மல்டிமீட்டர் வைத்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய செல் 2 வோல்ட்டுக்கும் கீழே நின்றது. கரண்ட் இருக்கும் வரை அந்தக் குறை வெளியே தெரியாது. கரண்ட் போனதும் செட்டிங்கும் போய்விட்டது.

கள்ளக்குறிச்சியில் ஒரு வாட்ச் கடையில் புது செல் 30 ரூபாய்க்குக் கிடைத்தது. மாட்டினேன். தேதியைச் சரி செய்தேன். ஃபிளாப்பியை ‘இல்லை’ என்று மாற்றினேன். ஹார்ட் டிஸ்க் இணைப்பு முறை ‘ஐ.டி.இ.’ என்று மாறிக் கிடந்தது. விண்டோஸ் ஏற்றிய அன்று இருந்தது ‘ஏ.எச்.சி.ஐ.’. இந்த ஒரு வித்தியாசம்தான் நீலத் திரைக்குக் காரணம். அதையும் திருப்பி வைத்தேன். விண்டோஸ் முழுசாகத் திறந்தது. அக்கா முதல் வேலையாகத் தன் ஃபைல்களை எல்லாம் பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். அப்புறம்தான் எனக்குக் காபி வந்தது.

நண்பர்களுக்குப் பயன்படட்டும் என்று படிப்படியாகத் தருகிறேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பெட்டி எந்தப் படி வரை வந்து நின்றது?

1. ஃபேன், விளக்கு எதுவும் இல்லை: பிளக், வயர், பவர் பட்டன், எஸ்.எம்.பி.எஸ். இவற்றைப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளை அடிக்கும் அளவு சார்ஜ் இருக்கும்.

2. ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு, பீப் விட்டு விட்டு வருகிறது: பெரும்பாலும் ராம். பவர் வயரைக் கழற்றிவிட்டு ராமை எடுத்துப் பொன்னிறப் பல்லைத் துடைத்து மாட்டுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். பீப் எண்ணிக்கையின் அர்த்தம் பயாஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போர்டின் கையேட்டைப் பாருங்கள்.

3. பீப்பும் இல்லை, திரையும் இல்லை: போர்டில் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா பாருங்கள். 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது அதிகம்.

4. தேதி மறந்துபோகிறது, செட்டிங் நிற்பதில்லை: செல்லை மாற்றுங்கள்.

5. பயாஸ் முடிந்து, டிஸ்க் இல்லை என்கிறது: பூட் வரிசை, டேட்டா கேபிள், கடைசியாக ஹார்ட் டிஸ்க். பென் டிரைவ் சொருகியிருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள். பயாஸ் பழைய முறையில் டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும் படித்து, அதன் கையில் வேலையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடும். அந்த 512 பைட் கெட்டாலும் கதை நின்றுவிடும்.

6. விண்டோஸ் படம் வந்த பிறகு நிற்கிறது: வன்பொருளைக் குறை சொல்லும் முன் சேஃப் மோடில் போய்ப் பாருங்கள்.

எந்தப் படியிலும் ஃபார்மட் செய்வது முதல் மருந்து அல்ல. உள்ளே யாரோ ஒருவருடைய உழைப்பு இருக்கிறது.

கைநழுவிய வாய்ப்பு

மறுபடியும் கில்டாலிடம் வருவோம். 1980இல் ஐ.பி.எம். ரகசியமாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் தயாரிக்க முனைந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்டு முதலில் பில் கேட்ஸிடம் போனார்கள். அவர் கில்டாலிடம் அனுப்பினார். ஐ.பி.எம். ஆட்கள் பசிபிக் குரோவுக்கு வந்த அன்று காலை கில்டால் தன் சொந்த விமானத்தை ஓட்டிக்கொண்டு வேறொரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். ஐ.பி.எம். நீட்டிய ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட டோரதியும் வக்கீலும் தயங்கினார்கள். பிறகு நடந்ததை அங்கிருந்தவர்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பந்தம் முடியவில்லை என்பது மட்டும் உறுதி. அவர் ஜாலியாக விமானத்தில் சுற்றப் போய் வாய்ப்பைத் தொலைத்தார் என்று பிற்பாடு பரவிய கதை அவரைக் கடைசி வரை வருத்தியது.

ஐ.பி.எம். திரும்பவும் மைக்ரோசாஃப்டிடம் போயிற்று. சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்பவர் சி.பி./எம்.மின் அமைப்பை ஒட்டி எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கியது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. அதோடு வெளிவந்தது. கில்டால் ஆட்சேபித்தார். அவருடையதையும் சேர்த்தே விற்கிறோம் என்று ஐ.பி.எம். ஒப்புக்கொண்டது. விற்கவும் செய்தது. ஆனால் விலை? டாஸ் 40 டாலர், கில்டாலுடையது 240 டாலர். கடைக்குப் போகிறவர் எதை எடுப்பார்? நீங்களே சொல்லுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஐ.பி.எம். பி.சி.யின் போர்டில் ஒரு ரோம் சிப்புக்குள் ஏறி உட்கார்ந்திருந்த துண்டுக்குப் பெயர் பயாஸ்! வியாபாரம் வேறொருவர் கைக்குப் போனாலும் அவர் வைத்த பெயரும் அவர் கண்ட பிரிவினையும் உலகம் முழுக்கப் பரவிவிட்டன.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. 1985இல் ஒரு கலைக்களஞ்சியம் முழுவதையும் சி.டி.யில் கொண்டு வந்தார். தொலைக்காட்சியில் கம்ப்யூட்டர் நிகழ்ச்சி ஒன்றைப் பல ஆண்டுகள் இணைந்து நடத்தினார். 1991இல் நிறுவனத்தை நோவெல் வாங்கிக்கொண்டது. 1992இல் அவர் படித்த பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் துறைக்கு 25ஆம் ஆண்டு விழா. டாக்டர் பட்டம் வாங்கிய பழைய மாணவரான அவர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க, மேடையில் முக்கியப் பேச்சாளராக நின்றவர் பில் கேட்ஸ். அந்த வருத்தத்தில் தன் நினைவுகளை எழுதி, 1993இல் நெருங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்தார். கடைசி வருஷங்களில் குடிப்பழக்கம் அவரை வாட்டியது. 1994 ஜூலையில் மான்டெரேயில் தலையில் அடிபட்டு, மூன்று நாளில், ஜூலை 11 அன்று காலமானார்.

20 ஆண்டு கழித்து, 2014இல், அவர் வேலை பார்த்த பசிபிக் குரோவ் கட்டிடத்தின் முன் மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. ஒரு நினைவுப் பலகை பதித்தது. இன்றைய லேப்டாப்களில் பழைய பயாஸின் இடத்துக்கு யு.இ.எஃப்.ஐ. வந்துவிட்டது. ஆனாலும் கடைக்காரர்களும் நாமும் பயாஸ் என்றுதான் சொல்கிறோம்.

நாம் கற்க வேண்டியது

டிப்ளமோதானே என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. கில்டால் பெரிய பட்டம் பெற்றவர்தான். ஆனாலும் தேய்ந்த டிரைவை வாங்கி வந்து, முடியாதபோது நண்பரைக் கூப்பிட்டு, ஓட வைத்தவர். தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர். ரிப்பேருக்கு ஒரு பெட்டி வந்தால் போர்டு போச்சு என்று சொல்வது ரொம்ப சுலபம். எந்தப் படியில் நின்றது என்று பார்த்துச் சொல்வதுதான் தொழில். நாளைக்கு நாம் கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ கடை போட்டாலும் சரி, பெரிய கம்பெனிக்குப் போனாலும் சரி, நம்மிடம் பெட்டியைக் கொண்டு வருபவர் ஒருவேளை கரும்புப் பணத்தில் அதை வாங்கியவராக இருப்பார். அவருக்கு 30 ரூபாய் செலவா, 4500 ரூபாய் செலவா என்பது நம் கையில் இருக்கிறது.

வாழ்க கில்டால் புகழ்! வளர்க நம் தொழில் நேர்மை!